பழைய பிரியஸ் பற்றரிக்குக் காற்றுவழிச் சேவை: நான்கு மாதப் பாவனைக்குப் பின் ஒரு மதிப்புரை

யாழ்ப்பாணத்தில் ஹைபிரிட் வாகனங்களை மட்டும் திருத்துகின்ற சிறிய கராச் ஒன்றில், என்னுடைய மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸின் பற்றரிக் குளிரூட்டல் வழியை முழுவதுமாகக் கழற்றிச் சோதித்துச் சுத்தம் செய்வித்து நான்கு மாதங்கள் ஆகின்றன. வேலை முடிந்த அன்றே எழுதியிருந்தால், எச்சரிக்கை விளக்கு அணைந்த சந்தோஷத்தில் எழுதியதாகத்தான் அது இருந்திருக்கும். சித்திரை வெயிலிலும் வைகாசி வெயிலிலும் ஏ9 வீதியில் ஓடிப் பார்த்து, வெப்பநிலைகளைக் குறித்து வைத்த பின்பே எழுதுவது என்று பொறுத்திருந்தேன். கராச்சின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. செய்யப்பட்ட வேலையைப் பற்றியே எழுத விரும்புகிறேன். இதே சேவையை வவுனியாவிலோ கண்டியிலோ கொழும்பிலோ பெறப்போகிறவருக்கும், எதைக் கேட்டுப் பெற வேண்டும், எதைப் பார்த்துப் பணம் கொடுக்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

கார் 2011இல் தயாரிக்கப்பட்டது. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியபின், நாட்டுக்குள் ஏற்கெனவே இருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி ஓடின. தனியார் வாகனங்களுக்கு அந்தத் தடை நீங்க 2025 பெப்ரவரி ஆயிற்று. இடையில், 2021இல், கொழும்பில் புடைவை வியாபாரம் செய்த ஒருவரிடமிருந்து இதனை வாங்கினேன். அவர் பின் ஆசனத்தில் துணிக் கட்டுகளை ஏற்றி இறக்கியவர் என்பது அப்போது எனக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை. எஞ்சினைப் பார்த்தேன், ரயர்களைப் பார்த்தேன், அடிப்பகுதியில் துருப் பிடித்திருக்கிறதா என்று குனிந்தும் பார்த்தேன். பின் ஆசனத்தின் வலப்பக்க ஓரத்தில் இருக்கும் கறுப்புத் துவாரத்தட்டை மட்டும் நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அது எதற்கு என்று தெரிந்திருக்காது. அடுத்த ஆண்டு எரிபொருள் நெருக்கடியில், ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்ற கியூஆர் அட்டைக் காலத்தில், கார் நாட்கணக்காக வெயிலில் அசையாமல் நின்றது. பற்றரிக்கு அதுவும் நல்லதல்ல; அடுக்கிலுள்ள எல்லாக் கலங்களும் ஒரே வேகத்தில் மின்னிறக்கம் அடைவதில்லை என்பதால், நின்ற நாட்களில் அவற்றுக்கிடையே ஏற்றத்தாழ்வு வளர்ந்துவிடுகிறது.

கோளாறு முதலில் ஒலியாகத்தான் தெரிந்தது. குடும்பத்தோடு கொழும்புக்குப் போகும் வழியில், எல்லோரையும் போல முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தினோம். ஏசிக்காகக் காரை இயக்க நிலையிலேயே விட்டிருந்தேன். எஞ்சின் அணைந்து கார் அமைதியாக நின்றபோது, பின் ஆசனத்தின் வலப்புறத்திலிருந்து, தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் வாயைக் கையால் மூடினால் வருமே, அப்படி ஓர் உயர்ந்த இரைச்சல் வந்துகொண்டிருந்தது. மாங்குளம் தாண்டிய பின்னர், எட்டுக் கோடுகளைக் கொண்ட மின்னேற்றக் காட்டி ஏழு கோடுகளிலிருந்து இரண்டுக்குச் சில நிமிடங்களில் இறங்கி, பிறகு அதே வேகத்தில் மேலேறியது. எஞ்சின் தேவையில்லாத இடங்களிலெல்லாம் இயங்கிக்கொண்டிருந்தது. வவுனியாவுக்குக் கிட்டவாகச் சிவப்பு முக்கோண விளக்கு எரிந்தது.

ஊர் திரும்பி நான் முதலில் காட்டிய இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்கானரைப் பொருத்தி, பி0ஏ80 என்ற கோளாறுக் குறியீட்டைக் காட்டி, பற்றரி முடிந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். மீளமைத்த பற்றரிக்கு மூன்றே முக்கால் இலட்சம் ரூபாய் கேட்டார்கள். பற்றரியின் வெப்பநிலை எவ்வளவு என்று கேட்டேன். அந்தப் பக்கத்தை அவர்கள் திறக்கவில்லை. இதில் ஒரு விடயத்தை விளங்கிக்கொள்வது அவசியம். 'ஹைபிரிட் பற்றரித் தொகுதியை மாற்றவும்' என்பதே அந்தக் குறியீட்டின் உத்தியோகபூர்வப் பெயர். பற்றரியைக் கண்காணிக்கும் கணினி, பற்றரியின் உட்பகுதிகளுக்கிடையே மின்னழுத்த வித்தியாசம் எல்லை மீறிவிட்டது என்று கண்டால் அந்தக் குறியீட்டைப் பதிகிறது. ஏன் மீறியது என்று அது சொல்வதில்லை. பெயரையே தீர்ப்பாக வாசித்துவிட்டால் விசாரணைக்கு இடமில்லாமல் போய்விடுகிறது. அப்படி மாற்றப்பட்ட புதிய பற்றரியும் என் காரில் அடைபட்டிருந்த, பற்றரியைக் குளிர்விக்கும் அதே விசிறியின் கீழ்தான் போய் உட்காரும்.

பிரியஸின் பற்றரி எப்படிக் குளிர்விக்கப்படுகிறது என்று தெரியாமல் இந்தச் சேவையின் பெறுமதியை அளக்க முடியாது. 1.2 வோல்ற் கலங்கள் ஆறு சேர்ந்தது ஒரு மொடியூல், அதாவது 7.2 வோல்ற். அவ்வாறான 28 மொடியூல்கள் புத்தகங்களை நெருக்கி அடுக்கியது போல வரிசையாக இறுக்கப்பட்டு, மொத்தம் 201.6 வோல்ற் தருகின்றன. ஒவ்வொரு மொடியூலின் பக்கத்திலும் சிறு புடைப்புகள் உள்ளன. அடுத்த மொடியூல் அதன்மீது சாயும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி கிடைக்கிறது. அந்த இடைவெளிதான் குளிரூட்டலின் உயிர்நாடி. ரேடியேற்றர் இல்லை, குளிர்நீர் இல்லை. பயணிகள் இருக்கும் அறையின் காற்றையே பின் ஆசன ஓரத்துத் துவாரத்தால் ஒரு விசிறி இழுத்து, அந்த இடைவெளிகளுக்குள் செலுத்தி, பின்புறமாக வெளியே விடுகிறது. நாம் சுவாசிக்கும் காற்றுத்தான் பற்றரிக்கும். அறைக்குள் புழுதி இருந்தால் அதுவும் புழுதியை இழுக்கும். ஏசி இல்லாமல் 38 பாகையில் நாம் வெந்தால் அதுவும் வேகும்.

வரிசையின் இரு முனைகளிலும் உள்ள மொடியூல்களுக்கு வெளிப்பக்கமாக வெப்பத்தை விடச் சிறிது இடமுண்டு. நடுவில் உள்ளவற்றுக்கு இரண்டு பக்கமும் சூடான அயலவர்களே. எனவே காற்றுக் குறையும்போது முதலில் வேகுவது நடுப்பகுதி. இந்தப் பற்றரியில் உள்ள நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் கலத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு: சூடு ஏற ஏற அது மின்னேற்றத்தை ஏற்கும் திறன் குறைகிறது; ஏற்கப்படாத மின்சக்தி மீண்டும் வெப்பமாகிறது. சூடு சூட்டை வளர்க்கும் இந்தச் சுழற்சியில் நடு மொடியூல்கள் மற்றவற்றை விட விரைவாக முதுமை அடைந்து, ஒரு நாள் மின்னழுத்த வித்தியாசமாக வெளிப்படுகின்றன. கணினி அதற்குப் பெயரிடுவது பி0ஏ80.

இரண்டாவதாகப் போன கராச்தான் இந்த மதிப்புரைக்குரியது. ஒரு தகரக் கொட்டகை, இரண்டு தொழில்நுட்பவியலாளர்கள், சுவரோரமாக அடுக்கப்பட்ட பழைய மொடியூல்கள். குறியீட்டை நான் சொன்னதும் மூத்தவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "அண்ணை, பற்றரியைக் குறை சொல்ல முதல் அதுக்குக் காத்துப் போகுதோ எண்டு பாப்பம்." அன்றைக்குக் காரில் அவர் எதையும் கழற்றவில்லை. வாசிப்புக் கருவியைப் பொருத்தி, என்னையே ஓட்டச் சொல்லி, பக்கத்து ஆசனத்தில் மடிக்கணினியோடு இருந்தார். மதிய வெயிலில் கண்டி வீதியில் சாவகச்சேரி வரை போய்த் திரும்பினோம்.

பற்றரிக்குள் மூன்று வெப்ப உணரிகளும், உள்ளே வரும் காற்றை அளக்க இன்னொன்றும் இருக்கின்றன. திரும்பி வந்து நின்றபோது உள்வரும் காற்று 30 பாகை. முதலாவது உணரி 44, நடு உணரி 53, மூன்றாவது 46. விசிறிக்குப் பூச்சியம் முதல் ஆறு வரை படிகள் உண்டு. கணினி அதனை ஆறாம் படியில், முழு வேகத்தில் வைத்திருந்தது. ஏசிக் காற்று 30 பாகையில் துவார வாயிலில் இருக்கிறது, விசிறி முழு வேகத்தில் சுழல்கிறது, ஆனால் நடு மொடியூல்கள் அதைவிட 23 பாகை மேலே நிற்கின்றன. விசிறி சுழல்கிறது என்பதும் காற்று ஓடுகிறது என்பதும் ஒன்றல்ல என்பதை அந்த நான்கு எண்களில்தான் நான் முதன்முதலாகக் கண்டேன்.

மறுநாள் காலை பிரித்துப் பார்க்கும் முன்னர் அவர் செய்த இரண்டு சோதனைகள் எவரும் செய்யக்கூடியவை. முதலாவது, ஸ்கானர் மூலம் விசிறியை ஆறாம் படியில் ஓடவைத்து, துவாரத்தட்டின்மேல் ஒரு டிஷ்யூ தாளை வைப்பது. நல்ல காற்றோட்டம் இருந்தால் தாள் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். என் காரில் அது ஒரு கணம் தயங்கி, சறுக்கி விழுந்தது. இரண்டாவது சோதனை இன்னும் நுட்பமானது. கண்ணாடிகளையெல்லாம் மூடி வைத்து ஒருமுறை, ஒரு கண்ணாடியை இரண்டு அங்குலம் இறக்கி ஒருமுறை, தாளின் அசைவை ஒப்பிட்டார். கண்ணாடியை இறக்கியதும் இழுவை சட்டென்று கூடினால், அறைக்குள் புதுக் காற்று வரவோ பழைய காற்று வெளியேறவோ வழியில்லை என்று பொருள். பின் பம்பருக்கு உட்புறமாக உள்ள காற்றுப்போக்கிகளைத்தான் அப்போது சந்தேகிக்க வேண்டும். என் காரில் இரண்டு தடவையும் ஒரே சோர்வு. அடைப்பு துவாரத்துக்கும் பற்றரிக்கும் நடுவே இருக்கிறது என்று அவர் கழற்றும் முன்பே சொல்லிவிட்டார்.

பாதுகாப்பில் அவர்கள் காட்டிய ஒழுங்கை நான் தனியாகக் குறிப்பிட விரும்புகிறேன். சாவியைக் காரிலிருந்து தூரமாக ஒரு மேசையில் வைத்தார்கள். டிக்கியில் உள்ள 12 வோல்ற் பற்றரியின் மறை முனையைக் கழற்றினார்கள். பின்கதவு மின்பூட்டால் திறக்கப்படுவது என்பதால், யாரும் தவறி அதை மூடிவிடாமல் ஒரு துணியைச் சுருட்டிப் பூட்டில் செருகினார்கள். தடித்த காப்புக் கையுறை போட்டு, உயர் மின்னழுத்தச் சுற்றைத் துண்டிக்கும் செம்மஞ்சள் நிறச் சேவைச் செருகியை இழுத்தெடுத்து, அதை எடுத்தவரே தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பின்னர், சுற்றில் மீதமுள்ள மின்னேற்றம் வடியட்டும் என்று, பத்து நிமிடம் யாரும் எதையும் தொடவில்லை. விசிறியை மட்டும் எடுப்பதற்கு உயர் மின்னழுத்தப் பகுதி திறக்கப்படுவதில்லைதான். ஆனாலும் 200 வோல்ற்றுக்கு அருகே கை போகிற வேலையில் இந்தப் பத்து நிமிடப் பொறுமையைக் காட்டாத இடத்தில் காரைக் கொடுக்காதீர்கள்.

டிக்கியின் வலப்பக்க உள்மூடி கழன்று, காற்றுக்குழாய் கழன்று, விசிறி மேசைக்கு வந்தது. இது மேலே தொங்கும் மின்விசிறியைப் போன்றதல்ல. ஒரு சிறு உருளையைச் சுற்றிக் குறுகிய வளைந்த தகடுகள் நெருக்கமாக நிற்கின்றன. அச்சுப் பக்கமாகக் காற்றை இழுத்துத் தகடுகளின் குழிவால் வெளியே வீசுவது அதன் வேலை. என் விசிறியில் அந்தக் குழிவே இல்லை. ஒவ்வொரு தகட்டின் உட்பக்கத்திலும் சாம்பல் நிறத்தில் ஒரு படை, கம்பளித் துணியைப் போல அழுந்திப் படிந்திருந்தது. சாமணத்தால் ஒன்றைப் பிடித்து இழுத்தபோது அது உடையவில்லை. தகட்டின் வளைவை அச்சில் வார்த்ததுபோல ஒரு பட்டையாகவே கழன்று வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். பஞ்சு இழை, தலைமயிர், நம்மூர்ச் செம்மண் தூசு. நடுநடுவே சிவப்பும் நீலமுமாக நூல் துணுக்குகள். காரை விற்ற புடைவை வியாபாரியின் பத்தாண்டு வியாபாரம் அந்தத் தகடுகளில் இருந்தது.

அந்த இரைச்சலுக்கும் அப்போதுதான் காரணம் விளங்கியது. காற்றை அள்ளாத விசிறிக்குச் சுமை இல்லை. சுமையில்லாத மோட்டார் இன்னும் வேகமாகச் சுழன்று, இன்னும் உயர்ந்த சுருதியில் ஒலிக்கிறது. மின்சுற்று சரி, மோட்டார் சரி. ஆகவே விசிறிக்கென்று உள்ள பி0ஏ82 குறியீடு என் காரில் ஒருபோதும் பதிவாகவில்லை. குறியீட்டை மட்டும் நம்புகிறவருக்கு விசிறி நலமாகவும் பற்றரி நோயாகவும் தெரிவது இதனால்தான்.

சுத்தம் செய்த முறையிலும் நான் கற்றுக்கொண்டது அதிகம். தண்ணீர் எங்கும் படவில்லை. மென்மையான பல்தூரிகையால் தகடு தகடாகத் தேய்த்து, வக்கியூமால் உறிஞ்சி, கடைசியாகக் குறைந்த அழுத்தக் காற்றை அடித்தார்கள். காற்றடிக்கும்போது உருளை சுழலாதபடி ஒரு விரலால் பிடித்திருந்தார். கொம்பிரசர் காற்றில் அது கட்டுமீறிச் சுழன்றால் தாங்கி பழுதாகும். ஒரு பக்கத் தகடுகளில் அழுக்கை விட்டுவிட்டால் உருளை சமநிலை தப்பி அதிரும் என்பதால், எல்லாத் தகடுகளும் ஒரே நிறத்துக்கு வரும்வரை விடவில்லை. குழாய்க்குள் கொம்பிரசர் காற்றை அடிக்க இளையவர் கையை எடுத்தபோது மூத்தவர் தடுத்தார். அங்கிருந்து அடித்தால் தூசு மொடியூல்களின் இடைவெளிக்குள் போய் இறுகிவிடும். பிறகு பற்றரியையே பிரிக்க வேண்டும். உறிஞ்சத்தான் வேண்டும், ஊதக் கூடாது.

குழாய்கள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் இருந்த ஸ்பொஞ்ச் வளையங்கள் தொட்டவுடன் பொடியாக உதிர்ந்தன. வெப்ப நாட்டில் ஓடும் பழைய கார்கள் பலவற்றிலும் இதை எதிர்பார்க்கலாம். இந்த வளையம் இல்லாவிட்டால் விசிறி ஏசிக் காற்றை இழுக்காமல், டிக்கி மூடிக்கு உள்ளே தேங்கிநிற்கும் சூடான காற்றையும் சேர்த்து இழுக்கும். துவாரம் சுத்தமாக இருந்தும் பற்றரி சூடாகும் கார்களில் முதலில் பார்க்க வேண்டியது இந்த மூட்டுகளைத்தான்.

மாலையில் எல்லாவற்றையும் பூட்டியபின் டிஷ்யூ தாள் துவாரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. பிடித்து இழுத்தால் கிழியும் அளவுக்கு. அடுத்த நாள் மதியம் அதே வீதியில், ஏறக்குறைய அதே வெயிலில் மீண்டும் ஓடினோம். உள்வரும் காற்று 31 பாகை. மூன்று உணரிகளும் 38, 40, 38. விசிறி இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையே அமைதியாக நின்றது. நடுவுக்கும் ஓரத்துக்கும் இருந்த ஒன்பது பாகை வித்தியாசம் இரண்டாகக் குறைந்திருந்தது. எனக்கு இந்த எண்தான் மிகப் பெரிய ஆறுதல், ஏனெனில் மொடியூல்கள் ஒரே வேகத்தில் முதுமை அடைவதற்கு அவை ஒரே சூட்டில் இருப்பதே முதல் நிபந்தனை.

ஆயினும் சுத்தம் செய்ததால் பற்றரி புதிதாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன், அவர்களும் சொல்லவில்லை. இரண்டு இரண்டு மொடியூல்களாக 14 தொகுதிகளின் மின்னழுத்தத்தைக் கணினி தனித்தனியே அளக்கிறது. வலுவாக முடுக்கும்போது, நடுவில் உள்ள ஏழாவது தொகுதி முன்னர் மற்றவற்றை விட 1.1 வோல்ற் கீழே விழுந்தது, குளிர்ந்தபின் 0.6. இரண்டு எண்களையும் காட்டி, பல ஆண்டுகள் வெந்த மொடியூல் திரும்பி வராது, இனி வேகாமல் இருந்தால் இருக்கும் உயிரோடு இன்னும் சில காலம் ஓடும் என்று மூத்தவர் விளக்கினார். அந்த இரண்டு மொடியூல்களை மட்டும் மாற்றலாமா என்று கேட்டேன். சுவரோரம் அடுக்கியிருந்தவற்றில் இரண்டைப் பூட்டிக் காசு வாங்குவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். புதிதாக இருக்கும்போது 6.5 ஆம்பியர் மணி கொள்ளளவு உள்ள மொடியூல்களில், மீதமுள்ள 26 இப்போது எவ்வளவு தாங்குகின்றன என்று ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கி அளந்த பின்பே அவற்றுக்கு ஒத்ததைத் தேட வேண்டும், அளக்காமல் மாற்றினால் அடுத்த மாதம் வேறொன்று விழும் என்றார். குறியீடு மீண்டும் வந்தால் அந்த வேலையைச் செய்யலாம் என்று விட்டோம். நான்கு மாதமாக வரவில்லை.

இனிக் குறைகள். முதலாவதும் பெரியதும், எழுத்தில் எதுவும் தரவில்லை. பற்றுச்சீட்டில் 'பற்றரி விசிறி சேர்விஸ்' என்ற மூன்று சொற்களும் 14,000 ரூபாய் என்ற தொகையும் மட்டுமே இருந்தன. இத்தனை நுணுக்கமாக அளந்தவர்கள் அந்த எண்களை ஒரு தாளில் எழுதித் தந்திருக்க வேண்டும். நான் திரையைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்திராவிட்டால் இந்த மதிப்புரையில் ஓர் எண்கூட இருந்திராது. நாளை இந்தக் காரை விற்கும்போது வாங்குபவருக்குக் காட்டவும் எதுவும் இருந்திராது. இரண்டாவது, உதிர்ந்த ஸ்பொஞ்ச் வளையங்களுக்குப் பதிலாகக் கதவு ஓரங்களில் ஒட்டும் சாதாரண ஸ்பொஞ்ச் நாடாவை ஒட்டினார்கள். இரண்டாம் மாதத்தில் நடு உணரி வழக்கத்தை விட மூன்று பாகை மேலே நிற்பதைக் கண்டு கொண்டுபோய்க் காட்டியபோது, ஒரு மூட்டில் நாடாவின் பசை வெயிலில் இளகி உரிந்திருந்தது. பணம் வாங்காமல், கூடிய வெப்பம் தாங்கும் நாடாவால் திரும்ப ஒட்டித் தந்தார்கள். நன்றி, ஆனால் முதலிலேயே அதை ஒட்டியிருக்கலாம். மூன்றாவது, டிக்கி மூடியில் இரண்டு கிளிப்புகள் உடைந்து, குண்டும் குழியுமான வீதியில் இப்போதும் ஒரு சத்தம் வருகிறது. சொன்னால் தேடித் தருவதாகச் சொல்கிறார்கள்.

சேவையோடு சேராத ஒரு பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் அதைத்தான் முதலில் வாங்குகிறார்கள். பிற்காலத்து ஹைபிரிட் கார்களில் இந்தத் துவாரத்துக்குக் கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டி வந்துவிட்டது. என் காரில் இல்லை. ஆகவே இணையத்தில் விற்கும் மிக நுண்ணிய வலை ஒன்றை வாங்கித் துவாரத்தட்டுக்குப் பின்னால் பொருத்திப் பார்த்தேன். தூசு நின்றது, காற்றும் குறைந்தது. அதே பயணத்தில் நடு உணரி 44 பாகைக்கு ஏறியது, விசிறி நான்காம் படிக்குப் போனது. கழற்றிவிட்டு, கண்ணுக்குத் தெரியும் துளைகள் கொண்ட கரட்டு வலையைப் பொருத்தியபின் 40, 41இல் நிற்கிறது. அதை மாதம் ஒருமுறை தட்டிக் கழுவ வேண்டும். நுண்வலையைப் போட்டுவிட்டுக் கழுவ மறந்தால், பத்தாண்டில் விசிறி அடைபடுவதை இரண்டு மாதத்தில் நாமே செய்ததாகும்.

வெப்பநிலையைத் தொடர்ந்து பார்ப்பதற்கு நான் பாவிப்பது ஒரு சிறிய புளூடூத் வாசிப்புக் கருவியும் டாக்டர் பிரியஸ் என்ற கைத்தொலைபேசிச் செயலியும். 14 தொகுதிகளின் மின்னழுத்தத்தையும் பற்றரி வெப்பநிலைகளையும் ஒரே திரையில் காட்டுகிறது. பழைய பிரியஸ் வைத்திருப்பவர் ஒவ்வொருவரிடமும் இவை இருக்க வேண்டும் என்பது என் கருத்து. உள்வரும் காற்றுக்கும் நடு உணரிக்கும் உள்ள இடைவெளியைக் கிழமைக்கு ஒருமுறை, ஒரே வீதியில், ஒரே நேரத்தில் பார்த்து எழுதி வைத்தால் போதும். தனி எண்ணால் பயனில்லை. மெல்ல மெல்ல ஏறுகிறதா என்பதே கேள்வி.

எங்கள் பழக்கங்களும் சிறிது மாறியுள்ளன. வலப்பக்கத் துவாரத்தின் மேல் பையோ தலையணையோ வைப்பதில்லை. வெயிலில் நின்ற காரை எடுக்கும்போது கண்ணாடிகளை இறக்கிச் சூட்டை வெளியேற்றி, பிறகு மூடி ஏசி போடுகிறோம். புழுதி வீதியில் கண்ணாடியைத் திறந்துகொண்டு போவதை நிறுத்திவிட்டோம். முன்னால் இருவர் மட்டும் போகும்போதும் பின்பக்கத்துக்குக் குளிர் எட்டும்வரை ஏசியைக் குறைப்பதில்லை.

பழைய ஹைபிரிட் காரை வாங்கப் போகிறவருக்கு இந்தச் சேவையை நான் வாங்குவதற்கு முன்பே செய்விக்கச் சொல்வேன், அல்லது குறைந்தபட்சம் துவாரத்தட்டைக் கழற்றி ஒரு டோர்ச் வெளிச்சத்தில் உள்ளே பார்க்கச் சொல்வேன். குழாயின் உட்சுவரில் விரலால் கோடு போட முடிந்தால் விசிறியின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். விலையைப் பேசும்போது அதையும் பேசலாம். ஏற்கெனவே சிவப்பு முக்கோணம் எரிந்த காரோடு போகிறவர் வேறொன்றைக் கேட்க வேண்டும்: கழற்றும் முன்னர் ஓட்டி அளந்த எண்களும், பூட்டிய பின்னர் அதே வீதியில் அளந்த எண்களும். இரண்டையும் தருகிற இடத்துக்கு 14,000 ரூபாய் அதிகமில்லை. இந்தக் கராச் அளந்தது, காட்டியது, எழுதித் தரவில்லை. அதனால் ஐந்தில் நான்கு.

முறிகண்டியில் போன கிழமையும் நிறுத்தினோம். ஏசி ஓட, கார் இயக்க நிலையில் நின்றது. பின் ஆசனத்தின் பக்கம் காதை வைத்துத்தான் விசிறி ஓடுகிறதா என்று கேட்க வேண்டியிருந்தது. அன்று கொழும்பு வரை நடு உணரி 42ஐத் தாண்டவில்லை. மழைக்காலம் தொடங்குமுன் மூட்டு நாடாக்களைத் திரும்பப் பார்ப்பதற்கு ஐப்பசி முதற் கிழமையில் வரச் சொல்லியிருக்கிறார்கள். கிளிப்புகள் இரண்டையும் அப்போது கேட்க இருக்கிறேன்.